கேன்சர் இல்லையாம்

அம்மாவின் தலையிலிருந்து கட்டியை எடுத்து ஏழு வருடமாகிறது. பினாங்கில் எங்கள் சொந்தக்காரர்கள் அதைப் பற்றி இன்னமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "நல்லவேளை, கேன்சர் இல்லையாம்." அதோடு விசாரிப்பு முடிந்துவிடும். புற்றுநோயை விசாரிக்க ஒரு முறை இருக்கிறது. பழம் வாங்கி வருவார்கள், கீமோ எத்தனை என்று கேட்பார்கள், ஐந்து வருடம் தாண்டினால் மூச்சு விடுவார்கள். சாதாரணக் கட்டிக்கு அப்படி எதுவும் கிடையாது.

அம்மாவுக்கு வந்தது மெனிஞ்சியோமா. 1922இல் இந்தப் பெயரை வைத்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். இது மூளையைச் சுற்றியுள்ள உறையில் முளைத்து மூளையை அழுத்தும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. பெரும்பாலும் மெதுவாக வளரும், பரவாது. அதனால்தான் 'தீங்கற்றது' என்கிறார்கள். ஆனால் மண்டையோட்டுக்குள் காலி இடம் ஏது?

அம்மாவின் கட்டி மூக்குக்கு மேலே, வாசனை நரம்புகளின் பக்கம் இருந்தது. மணம் குறைந்ததைச் சளி என்றே நினைத்திருந்தார். கட்டி போயிற்று, மணம் திரும்பவில்லை. சௌரஸ்தா பசாரில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுவார்: "நீ மோந்து பாரு." மல்லிகைப்பூவும் தீய்ந்த குழம்பும் கசியும் கேஸும் அவருக்கு ஒன்றுதான். அறுவைக்குப் பிறகு தலையைப் பார்த்தவர்கள், "தண்ணிமலையில வேண்டுதலா?" என்று கேட்டார்கள். "ஆமா" என்றுவிடுவார். அதைவிடச் சுருக்கமான பதில் இல்லை.

திரும்ப வருமா என்ற கேள்விக்கு மருத்துவர்கள் இன்றும் 1957இல் டொனால்ட் சிம்ப்சன் வகுத்த தரவரிசையைச் சொல்கிறார்கள். கட்டியோடு அது ஒட்டியிருந்த உறையையும் எலும்பையும் எடுத்தவர்களில் 9 சதவீதத்தினருக்குத் திரும்ப வந்தது. ஒட்டிய இடத்தைச் சுட்டுவிட்டு நிறுத்தியவர்களில் 19 சதவீதம். அதையும் செய்ய முடியாமல் விட்டவர்களில் 29. சில இடங்களில் விட்டுத்தான் ஆகவேண்டும். ரத்தக் குழாயோடு ஒட்டியிருப்பதைச் சுரண்டினால் பார்வையோ பேச்சோ போய்விடலாம். அம்மாவுக்கும் கொஞ்சம் விட்டிருந்தார்கள்.

லெனர்ட் வுட் என்ற அமெரிக்கத் தளபதிக்கு 1910இல் குஷிங்கே இந்தக் கட்டியை எடுத்தார். வுட் ராணுவத் தலைமைக்கு உயர்ந்தார். 1920இல் அதிபர் வேட்பாளராக முயன்றார். 1921இல் பிலிப்பைன்ஸின் கவர்னர் ஜெனரலானார். கட்டி திரும்ப வளர்ந்தது. 1927இல் குஷிங் மறுபடி அறுத்தார். வுட் பிழைக்கவில்லை. அந்தப் பதினேழு வருடத்தில் எந்த வருடத்தில் அவரைக் குணமானவர் என்று சொல்லியிருக்கலாம்?

வுட்டின் காலத்தில் எம்.ஆர்.ஐ. இல்லை, கதிர்வீச்சை ஊசிமுனை அளவுக்குக் குறிவைக்கும் வசதியும் இல்லை. அம்மாவுக்கு இரண்டும் உண்டு. போன வருட ஸ்கேனில் பழைய இடத்தில் நாலு மில்லிமீட்டர் நிழல் தெரிந்தது. இப்போதே கதிர்வீச்சு வேண்டாம், பார்த்துக்கொண்டிருப்போம் என்றார்கள். அம்மா கேட்டார்: "இன்னும் எத்தன வருஷம் டாக்டர் பார்ப்பீங்க?"

"நீங்க இருக்கிற வரைக்கும்மா."

வெளியே வந்ததும் அம்மா சொன்னார்: "அப்ப இதுவும் கூடவேதான் வரும் லா." குரலில் கோபம் இல்லை.

மலேசிய இன்சூரன்ஸ் பாலிசிகள் வழக்கமாக எண்ணும் 36 கடும் நோய்களில் தீங்கற்ற மூளைக் கட்டியும் ஒன்று. பணம் கொடுக்கவேண்டியவர்களே கடும் நோய் என்று ஒத்துக்கொண்டதை நம் பேச்சு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. 'நோயாளி', 'குணமானவர்' என்று நம்மிடம் இரண்டு சொற்கள்தான் இருக்கின்றன. அம்மா இரண்டிலும் சேரவில்லை. காலையில் வலிப்பு மாத்திரை போடுகிறார், சமைக்கிறார், கல்யாணத்துக்குப் போகிறார், ஸ்கேன் மாதம் நெருங்கினால் தூக்கம் குறைகிறது.

"சரியாப் போச்சா?" என்று கேட்டால் இப்படிப்பட்டவர்கள் ஆமா என்றுதான் சொல்வார்கள், நம் மனம் நோகக்கூடாதென்று. "அடுத்த ஸ்கேன் எப்போ?" என்று கேளுங்கள். அம்மாவுக்குத் தைப்பூசம் முடிந்த மறுவாரம்.