செவன் அயர்ன்

பள்ளிக்கூடப் படிவங்களில் ‘தகப்பனார் தொழில்’ என்று ஒரு கட்டம் வரும். ஒருமுறை ‘கேடி’ என்று எழுதினேன். வகுப்பே சிரித்தது. கோல்ஃப் பை தூக்குறவங்களுக்கு அதுதான் பெயர்னு யாருக்குப் புரிய வைக்கிறது? அடுத்த வருஷத்திலிருந்து ‘தோட்டத் தொழிலாளி’. பெரிய பொய் இல்லை. அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பாவும் ஒரு காலத்தில் பெரட்டுக்குப் போனவர்தான். அப்பாவுக்கு அது தெரிய வந்தபோது ஒண்ணும் சொல்லலை. அதுதான் இன்னும் உறுத்துது.

நுவரெலியா கோல்ஃப் கழகம் 1889இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கியது. டவுனுக்கு நடுவில் 18 குழி. கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம் என்பதால் காற்று லேசு, பந்து கொஞ்சம் கூடுதல் தூரம் பறக்கும். கொழும்பிலிருந்து வர்றவங்களுக்கு அதில் ஒரு சந்தோஷம். எந்தப் பக்கம் பறக்கும் என்பது வேறு கதை.

இந்த ஏப்ரல் சீசனோடு அப்பா நிறுத்திட்டார். வலது தோள் மேலே வரமாட்டேங்குது. பை சுமந்த தோள். கெம்பஸ் லீவுக்கு வந்தபோது, எப்பவோ ஒருத்தர் கொடுத்துட்டுப் போன பழைய செவன் அயர்னை எடுத்துக்கிட்டு, “எனக்குச் சொல்லிக் கொடுங்கப்பா” என்றேன். தோட்டத்துக் கிரவுண்டுக்குப் போனோம். கிரிக்கெட் விளையாடின பையன்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பத்து அடியில் எட்டு வலப்பக்கம் வளைந்து ஓடியது. ஸ்லைஸ். வலது கைக்காரர்களுக்கு வர்ற பொது வியாதி.

“விறகு வெட்டுற பாப்பா” என்றார். உண்மைதான். மட்டையைத் தோளுக்கு மேலிருந்து வெளிப்பக்கமாக இறக்கி, உடம்பை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தேன். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் மட்டையின் முகம்தான் தீர்மானிக்கும். மட்டை வெளியிலிருந்து உள்ளே வரும்போது முகம் அந்தப் பாதைக்கு வலப்பக்கமாகத் திறந்திருந்தால், பந்து சுழன்று வலப்பக்கம் வளையும்.

நான் செய்த வைத்தியம் இன்னும் மோசம். வலப்பக்கம் போகுதேன்னு இடப்பக்கம் திரும்பி நின்றேன். அப்படி நின்றால் மட்டை இன்னும் குறுக்கே வெட்டும், ஸ்லைஸ் கூடும். அப்பா சிரித்தார். “எல்லாத் தொரமாரும் இதைத்தான் செய்வாங்க.”

அவர் என் வீச்சைத் தொடவே இல்லை. நிற்கிறதைத்தான் மாற்றினார். குனிந்து பார்த்தால் இடது கையில் ஒரு விரல் முட்டிதான் தெரிந்தது. இரண்டு, இரண்டரை தெரியும்வரை கையைத் திருப்பினார். பந்து இடது காலுக்கு நேரே கிடந்தது. அதை எட்டப்போய்த் தோள் தானாகத் திறந்துக்குமாம். நடுவுக்குத் தள்ளி வைத்தார். ஒரு கம்பைத் தரையில் போட்டு, பாதம், இடுப்பு, தோள் மூன்றையும் அதுக்குச் சமாந்தரமாக்கினார்.

ஆட்டத்துக்கு நடுவில் ஒருத்தர் “என்ன பிழை?” என்று கேட்டாலும் இவ்வளவுதான் சொல்வாராம். “வீசுறதைப் பத்திப் பேசினா மீதி குழியெல்லாம் அவருக்கு அதே யோசனைதான். கேட்காட்டி வாயே திறக்கக் கூடாது.” இருபது வருஷத்துக்கு மேலாக எத்தனை பேருடைய பிழையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நடந்திருப்பார்!

கடைசியாக கிரவுண்டின் ஓரச் சரிவுக்குக் கூட்டிப் போனார். பந்து என் பாதத்தைவிட மேலே இருக்கும்படி நிறுத்தினார். அங்கே விறகு வெட்ட முடியாது. வெட்டினால் மட்டை மண்ணில்தான் குத்தும். உடம்பைச் சுற்றித்தான் வீசணும். அப்படி நின்று அடிச்சா பந்து இடப்பக்கம்தான் போகப் பார்க்கும். பத்துப் பதினைந்து தடவை வீசிட்டு, பழையபடி சமதரைக்கு வந்து அடித்தேன். நேரே போச்சு. அடுத்தது போகலை, அது வேற விஷயம்.

“நீங்க ஒண்ணு அடிங்கப்பா.”

தோளைப் பார்த்தார். மட்டையை இடுப்பளவுதான் பின்னால் கொண்டுபோனார். ‘டக்’ என்ற சின்னச் சத்தம். பந்து தாழ்வாக, கோடு போட்ட மாதிரி போய்த் தேயிலைக்குள் விழுந்தது. பையன்கள் கைதட்டினார்கள். அப்பா அதுக்குள்ளே இறங்கித் தேடப் போயிருந்தார். எங்களிடம் இருந்தது அந்த ஒரு பந்துதான்.