மூன்று படிக் கொலு

நம் நாட்டில் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் தனிப்பருவம் ஒன்றைச் சுட்டிக் காட்டுதல் அரிது. ஆவணியும் புரட்டாசியும் கார் என்றும், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்றும் முன்னோர் வகுத்தனர். அக்காரும் கூதிரும் சந்திக்கும் நாள்களில்தான் நவராத்திரி வருகிறது. வடநாட்டார் சரத்காலம் என்பதும் இதனையே. எங்கள் ஊரில் இல்லத்தை அலங்கரிக்க இதனினும் இனிய காலம் வேறில்லை. அமாவாசையன்று படி கட்டிப் பொம்மைகளை அடுக்குவோம். படிகள் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையாக அமைதல் மரபு. எங்கள் வீட்டுக் கொலு எப்பொழுதும் ஒன்பது படிதான். பாட்டிக்கு அதில் பெருமை மிகுதி.

எனக்குப் பத்து வயது நிரம்பிய ஆண்டு அப்பெருமைக்கு ஓர் இடையூறு நேர்ந்தது.

பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்கி, மேல் அடுக்கை மட்டும் எடுத்துவிட்டு, காற்றாடட்டும் என்று மூடியைத் திறந்து வைத்திருந்தோம். மறுநாள் விடியலில் அதனுள்ளிருந்து மெல்லிய ஒலி கேட்டது. எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சாம்பல் நிறப் பூனை, பொம்மைகளின்மேல் போர்த்தியிருந்த பழைய வேட்டியில் நான்கு குட்டிகளை ஈன்று படுத்திருந்தது. இருட்டும் அடக்கமும் மென்மையும் உள்ள இடத்தைத்தான் பூனை பேறுகாலத்திற்குத் தேடும். நாங்களே அதனைத் தேடி அமைத்துக் கொடுத்துவிட்டோம். நல்ல வேளையாக, பெட்டியில் வேப்பிலைதான் இட்டிருந்தோம். அந்துருண்டை பூனைக்கு நஞ்சு என்பதைப் பின்னாளில் கால்நடை மருத்துவர் ஒருவர் கூறக் கேட்டு நான் திடுக்கிட்டதுண்டு.

வேட்டிக்குக் கீழே பாட்டியின் பத்து அவதாரப் பொம்மைகள் இருந்தன. பண்ணுருட்டியிலிருந்து வைக்கோலில் பொதிந்து கொண்டுவந்தவை.

“குட்டிகளை எடுத்துக் கொல்லைக் கொட்டகையில் விடு” என்றார் பாட்டி.

“மழை பெய்கிறதே, அத்தை. கலைத்தால் தாய் கவ்விக்கொண்டு எங்கேயாவது போய்விடும். கண் திறக்கும்வரை இருக்கட்டுமே” என்றார் அம்மா.

நான் தலைகுனிந்து நின்றேன். முந்திய ஆண்டு இதே பூனை ஈன்ற குட்டிகளை ஆசை மிகுதியால் நாள்தோறும் தூக்கிப் பார்த்தவன் நான். ஒருநாள் காலை அவற்றைக் காணவில்லை. மூன்று நாள் கழித்துத் தாய் மட்டும் திரும்பி வந்தது. அதனை அம்மா ஒருமுறையும் சொல்லிக் காட்டியதில்லை; அன்றும் சொல்லவில்லை.

பாட்டி எழுந்து உள்ளே சென்றுவிட்டார். செங்கற்களின்மேல் பலகைகளை இட்டு அம்மாவும் நானும் மூன்று படிகள் அமைத்தோம். இரை தேடி வெளிவரும் பூனைக்கு எதையும் காலால் தட்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு. ஆதலின், எடுத்து வைத்திருந்த சில மண்பொம்மைகளை மேற்படியில் சுவரோடு ஒட்டி நிறுத்தினோம். நடுப்படியில் அம்மா திருமணத்தின்போது கொண்டுவந்த மரப்பாச்சி இணை நின்றது. செம்மரத்தாலான அது விழுந்தாலும் உடையாது. கீழ்ப்படியில் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை. சரிகை நூலும் காகிதத் தோரணமும் வேண்டாவென்று அம்மா விலக்கினார். பூனையின் நாவில் உள்நோக்கிய முட்கள் உண்டு. நூல் சிக்கினால் துப்ப இயலாமல் விழுங்கிவிடும். குடலில் சுற்றி உயிருக்கே தீங்காகும். வேலியில் பூத்திருந்த செங்காந்தளை நான் பறித்துவந்தபொழுதும், “கிழங்கு முதல் பூ வரை நஞ்சு” என்று வாங்கி எறிந்து, என் கைகளைக் கழுவச் செய்தார். சிரட்டைகளில் முளைக்கவிட்ட கேழ்வரகே எங்கள் பசுமை. அதில் பாதியைப் பூனை மேய்ந்துவிட்டது!

தலையாட்டிப் பொம்மையை அது தட்டிய காட்சியை நான் மறக்க இயலாது. பொம்மையின் அடி உருண்டு கனத்திருப்பதால், சாய்த்தாலும் தானே நிமிரும். பூனை ஒருமுறை தட்டியது, பொம்மை எழுந்தது. மீண்டும் தட்டியது, மீண்டும் எழுந்தது. மூன்றாம் முறைக்குப்பின் பூனை அதனை உற்று நோக்கி அமர்ந்து, ஒன்றும் நடவாததுபோல் தன் காலை நக்கத் தொடங்கியது. உள்ளறை வாயிலில் சிரிப்பொலி கேட்டது. திரும்பினேன், பாட்டி நின்றிருந்தார்.

அன்று மாலை சுண்டல் பெற வந்த எதிர்வீட்டு அம்மையார், “இதென்ன, மூன்றே படி? அவதாரங்கள் எங்கே?” என்று வினவினார். அம்மா வாய் திறக்குமுன் பாட்டி, “மூன்றும் ஒற்றைப்படைதானே! அவதாரங்கள் பத்தும் இவ்வாண்டு பூனைக்குக் கட்டிலாகியிருக்கின்றன. மெல்லப் பேசுங்கள்” என்றார்.

நான் பெட்டியின் அருகில் செல்லவே இல்லை. ஒன்பது நாளும் தொலைவில் நின்றே பார்த்தேன். விசயதசமி இரவு அம்மா வழக்கம்போல் மரப்பாச்சியைப் படுக்க வைத்தார். பாட்டி கைவிளக்கின் ஒளியை உள்ளங்கையால் மறைத்துப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னை நோக்கிக் கைகாட்டி அழைத்தார்.

“வா, தொடாமல் பார். இந்த வெள்ளைக்கு ஒரு கண் மட்டும் திறந்திருக்கிறது.”