அப்பாவின் ஜீப்புக்கு எந்த டேங்க்?

பழைய ஜீப்பை ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றப்போவதாகச் சொன்னால், 'எந்த கிட்? எந்த இ.சி.யூ?' என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். 'எந்த டேங்க்?' என்று கேட்பவர்கள் அபூர்வம். கடலூர் முதுநகரில் ஒரு குடும்பத்திடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர், சிதம்பரத்தில் பட்டறை வைத்திருக்கும் வயதான மெக்கானிக். பதில் கிடைக்க மூன்று மாதம் ஆனது.

வண்டி, 1974-ல் பதிவான மஹிந்திரா சி.ஜே.3பி பெட்ரோல் ஜீப். அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் 1953-ல் கொண்டுவந்த மாடல் அது. அப்பா கடைசிவரை ஓட்டிய வண்டி என்பதால் விற்க மனமில்லை. ஆனால், மகனால் நிம்மதியாக ஓட்டவும் முடியவில்லை. கத்திரி வெயிலில் ஆலப்பாக்கம் தாண்டினாலே, பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகி, இன்ஜின் நின்றுவிடும். அம்மாவைப் புளியமர நிழலில் உட்காரவைத்துவிட்டு, பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருக்க வேண்டும்.

கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் இன்ஜெக்‌ஷன் கிட் பூட்டலாம் என்று மகன் முடிவெடுத்தார். டேங்க் பழையதே இருக்கட்டும், வெளியே ஒரு எலெக்ட்ரிக் பம்ப் வைத்தால் போதும் என்பது அவருடைய கணக்கு.

தெற்கு வீதி திருப்பம்

முதல் ஓட்டம் சிதம்பரத்தில். நடராஜர் கோயிலைச் சுற்றியுள்ள தேர் வீதிகள் நான்கும் சதுரமாகத் திரும்புபவை. டேங்கில் கால்வாசி பெட்ரோல். கீழவீதியிலிருந்து தெற்கு வீதிக்குத் திரும்பியதும் இன்ஜின் பட்டென்று நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்து அடுத்த முனையில் திரும்பினால், மறுபடியும் அதே கதை.

காரணம் எளிது. கார்புரேட்டருக்குள் ஒரு சின்னக் கிண்ணத்தில் பெட்ரோல் எப்போதும் நிற்கும். திருப்பத்தில் டேங்க் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் ஒரு நொடி காற்றை இழுத்தாலும், அந்தக் கிண்ணம் சமாளித்துவிடும். இன்ஜெக்‌ஷனில் அந்தச் சேமிப்பு கிடையாது. கார்புரேட்டருக்கு 0.3 பார் அழுத்தமே தாராளம். இதற்கோ 3 முதல் 4 பார் வேண்டும். பம்புக்குள் காற்று புகுந்தால் அழுத்தம் விழும், இன்ஜின் நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. இந்த வகை கிட்டில் பம்ப் அனுப்பும் பெட்ரோல் முழுவதையும் இன்ஜின் குடிப்பதில்லை. மிச்சம் டேங்குக்கே திரும்ப வேண்டும். பழைய ஜீப் டேங்கில் அதற்கு வழி இல்லை.

"காலி டேங்க்தான் வெடிக்கும்"

"டேங்கைக் கழற்றி, ரிட்டர்ன் பைப் ஒண்ணு வெல்டு பண்ணிடலாமாண்ணே?" என்று மகன் கேட்டார். மெக்கானிக் மறுத்துவிட்டார்.

"பெட்ரோல் நிறைஞ்ச டேங்க் எரியும் தம்பி. காலி டேங்க்தான் வெடிக்கும். உள்ள ஆவி நிக்குது பாரு."

அவர் பயந்ததில் நியாயம் உண்டு. கழுவிக் காயவைத்த டேங்கிலும் மடிப்புகளுக்குள் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும். தீப்பொறி ஒன்று போதும். போதாக்குறைக்கு, டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே துரு. கடலூரின் உப்புக்காற்றுக்குத் தப்பிய தகரம் ஏது? இப்போது பங்க்கில் வரும் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும். ஒட்டியிருக்கும் பழைய கசடையும் இளக்கும். இன்ஜெக்டரின் நுண்ணிய துளைகள் அதைத் தாங்காது. பழைய ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் கெடுக்கும் என்பதால் அவற்றையும் மாற்றியாக வேண்டும்.

மூன்று வழிகள் இருந்தன. பழைய டேங்கோடு பக்கத்தில் ஒரு சின்ன டேங்க் வைத்து, அதிலிருந்து பம்புக்குக் கொடுப்பது முதல் வழி. செலவு குறைவு, ஆனால் ஜாயின்ட்டுகள் அதிகம். இரண்டாவது, வேறொரு வண்டியின் இன்ஜெக்‌ஷன் டேங்கைப் பின்பக்கம் மாட்டுவது. அதற்கு பாடியை வெட்ட வேண்டும். மூன்றாவது, அதே அளவில் புது டேங்க் செய்வது.

இந்த ஜீப்பில் டேங்க் இருப்பது டிரைவர் சீட்டுக்கு நேர் அடியில். ஓட்டுபவர் சுமார் 40 லிட்டர் பெட்ரோல் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். அதுதான் முடிவைத் தீர்மானித்தது. சீட்டுக்கு அடியில் ஜாயின்ட் குறையக் குறைய நல்லது என்று மெக்கானிக் மூன்றாவது வழியைச் சொன்னார்.

பேப்பர் விஷயம்

அதற்குள் இன்னொரு குழப்பம். 2021-ல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டிய, இன்ஜினிலும் பாடியிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டியை 'விண்டேஜ்' என்று பதியலாம். அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான். மகன் தயங்கினார். அம்மா தயங்கவில்லை.

"கண்காட்சியில வைக்கவா உங்கப்பா வச்சிருந்தாரு? ஓடுற வண்டியா பண்ணுடா."

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதனால் வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. மகனும் அப்படித்தான் செய்தார்.

புது டேங்க் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் தயாரானது. உள்ளே பெட்ரோல் அலைபாயாமல் தடுக்கத் துளையிட்ட தடுப்புத் தகடுகள். நடுவில் ஒரு கிண்ணம், பம்ப் அதற்குள். ரிட்டர்ன் பெட்ரோலும் அதிலேயே விழுவதால், திருப்பத்திலும் பம்ப் மூழ்கியே இருக்கும். சுற்றியுள்ள பெட்ரோலே அதைக் குளிரவும் வைக்கும். இன்ஜின் நின்றால் பம்புக்குக் கரன்ட் தானே நிற்க ரிலே. மோதினால் இணைப்பைத் துண்டிக்க ஒரு ஸ்விட்ச். டேங்குக்குத் தனி எர்த் ஒயர். பொருத்துவதற்கு முன் லேசாகக் காற்றடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, ஒவ்வொரு வெல்டிலும் குமிழி வருகிறதா என்று பார்த்தார்கள்.

அப்பாவின் டேங்கில் ஒரு வெட்டுகூட விழவில்லை. கார்புரேட்டரோடு சேர்த்து அது பரணில் இருக்கிறது. வேண்டும் என்றால் ஜீப்பை மறுபடி பழையபடி ஆக்கலாம்.

பழைய வண்டியை மாற்ற நினைப்பவர்கள் கிட் வாங்கும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். திருப்பத்தில் பெட்ரோல் எங்கே நிற்கும்? மிஞ்சியது எப்படித் திரும்பும்? அதன் மேல் யார் உட்காரப் போகிறார்கள்?