பல்லிக்கு ஒரு மறைவிடம்

வாலிழந்து கிடந்த பல்லிக்குஞ்சொன்றைக் கண்ணாடித் தொட்டியிலிட்டு, வால் வளரும்வரை பேண எண்ணினேன். சிரட்டையில் வாயில் குடைந்து, மேலே பனையோலை வேய்ந்து, அருகே முருகைக்கல்லும் வைத்தேன். கலைப்பீடத்து மாணவனின் கட்டடக்கலை! பல்லியோ அதனுள் ஒருநாளும் புகவில்லை. தொட்டியின் மூலையிலேயே ஒடுங்கிக் கிடந்தது. முதுகும் வயிறும் ஒருங்கே எதிலேனும் படிந்தாலன்றி அதற்கு அச்சம் தீராதென்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

அம்மம்மா இரண்டு ஓட்டுத்துண்டுகளைக் கொணர்ந்து, பென்சில் தடிப்பளவு இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். 1990இல் எம்மவர் விட்டகன்று, 2017இல் விடுவிக்கப்பட்ட மயிலிட்டி வளவில் அவர் பொறுக்கி வந்தவை அவை; எவரையும் தொடவிடாது அலுமாரியில் வைத்திருந்தவை. அன்றிரவே பல்லி அவ்விடுக்கிற் புகுந்தது.

வால் முளைத்ததும் அதனைச் சுவரில் விட்டேன். ஓடுகளைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "கிடக்கட்டும் மோனை, அது திரும்பி வந்தாலும் வரும்" என்றார்.