வாடுவதற்குள் எழுத வேண்டிய பூ

காசித்தும்பைப் பேரினத்தை விவரித்து எழுத வருகிறவர் ஓடைக்கரையிலேயே பாதி வேலையை முடித்துவிட வேண்டும். நம் வீட்டு வாசலில் பூக்கும் காசித்தும்பையின் உறவுகள்தான் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரப் பாறைகளிலும் சோலை ஓரங்களிலும் மழைக்காலத்தில் தலைகாட்டும் செடிகள். உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள். தண்டு முழுக்க நீர். பூவோ பறித்த சிறிது நேரத்தில் துவண்டுவிடும். செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தினால் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பழுப்புக் கறையாக மிஞ்சும்.

ஆனால் இன்ன சிற்றினம் என்று சொல்வது அந்தப் பூதான். கீழ்ப்புல்லி படகு போலக் குழிந்து, பெரும்பாலானவற்றில் பின்பக்கம் வாலாக நீளும். தேன் அதற்குள் இருக்கும். அல்லி இதழ் ஐந்தில் மேலே ஒன்று தனித்து நிற்க, மற்ற நான்கும் இரண்டிரண்டாக இணைந்து பக்கத்துக்கொன்றாய் விரியும். வால் எவ்வளவு நீளம், எங்கே வளைகிறது, பக்க இதழின் மடல்கள் எப்படிப் பிளந்திருக்கின்றன என்பதையெல்லாம் உயிருள்ள பூவில்தான் சரியாக அளக்க முடியும். ஆகவே ஊசியால் ஒவ்வோர் உறுப்பையும் பிரித்து ஈர அட்டையில் விரித்து வைப்பேன். பக்கத்திலேயே படம், நிறக் குறிப்பு. இன்னொரு பூ ஸ்பிரிட் புட்டிக்குள் போகும்.

ஒரே செடியில் இரண்டு வயதுப் பூக்களைப் பார்ப்பது என் வழக்கம். இளம்பூவில் ஐந்து மகரந்தத்தாள்களும் சேர்ந்து சூலகத்தைத் தொப்பியாக மூடியிருக்கும். தொப்பி உதிர்ந்த பிறகே சூல்முடி வெளியே தெரியும். காயை உள்ளங்கையால் பொத்திப் பறிக்க வேண்டும். முற்றியது தொட்டவுடன் வெடித்து விதையைச் சிதறடிக்கும். இதே குடும்பத்தில் ஹைட்ரோசெரா என்று ஒரே சிற்றினம் கொண்ட சதுப்புநிலப் பேரினம் உண்டு. அதன் அல்லி இதழ்கள் தனித்தனி, காய் வெடிக்காது. காசித்தும்பைப் பேரினத்தின் எல்லை எது என்பதை எனக்குத் தெளிவாக்கியது அந்தச் செடிதான்.

கியூ தோட்டத்தின் இயக்குநராக இருந்து ஓய்வுபெற்ற ஜோசப் ஹூக்கர், 1911இல் 94 வயதில் மறையும்வரை இந்தப் பேரினத்தோடு மல்லுக்கட்டினார். பிறர் அனுப்பிய உலர்ந்த பூக்களை ஊறவைத்துப் பிரித்துப் பார்த்த அந்தப் பொறுமையை வணங்குகிறேன். ஆனாலும் ஐயம் வரும்போது நான் முதலில் புரட்டுவது, ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட படத்தொகுதிகளை. வைட்டுக்காக வரைந்த ரங்கையாவும் கோவிந்துவும் இந்த நாட்டு ஓவியர்கள். பெயர் சூட்டியவர்களுக்கு நாம் தரும் மரியாதையில் ஒரு பங்கு அந்தக் கைகளுக்கும் சேர வேண்டும்.

இப்போது மாணவர்கள் கைபேசியில் படம் அனுப்புகிறார்கள். அழகான படங்கள், எல்லாமே முன்பக்கத்திலிருந்து எடுத்தவை. பக்கவாட்டில் ஒன்று எடு, வால் தெரியட்டும், அருகில் அளவுகோலை வை, முடிந்தால் ஒரு பூவைப் பிரித்து வைத்தும் எடு என்று ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறேன்.