சட்டைப்பையில் ஒரு பிரபு! - ஜப்பானின் மிக்கி நகரத்துப் பேனாக்கத்தி

கோபே நகரின் ஷின்கைச்சி நிலையத்தில் ரயில் ஏறினால், மலைச் சரிவுகளில் வளைந்து நெளிந்து சுமார் ஒரு மணி நேரத்தில் மிக்கி வந்துவிடும். ஜப்பானின் ஹ்யோகோ மாநிலத்தில், மினோ ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். கியோட்டோ, ஒசாகா என்று அலைமோதும் சுற்றுலாக் கூட்டம் இந்தப் பக்கம் அவ்வளவாக வருவதில்லை. ஆனால், ஜப்பானியத் தச்சர்களிடம் இந்த ஊர்ப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். ரம்பம், உளி, இழைப்புளி, சாந்துக் கரண்டி, சிறு கத்தி என்று இங்கே அடிக்கப்படும் ஐந்து வகைக் கருவிகளை, 1996-ல் ஜப்பான் அரசு பாரம்பரியக் கைத்தொழிலாக அறிவித்திருக்கிறது.

கத்திப் பிரியர்கள் மிக்கியைத் தேடி வருவது இன்னொரு பொருளுக்காக. அது உள்ளங்கையில் அடங்கிவிடும். பெயர் ஹிகோனோகாமி. அந்த நாட்டுப் பேனாக்கத்தி!

பட்டினி கிடந்த கோட்டை

மிக்கிக்குக் கொல்லர்கள் வந்து சேர்ந்த கதை ஒரு போரில் தொடங்குகிறது. 1578-ல் தளபதி ஹிதேயோஷியின் படை மிக்கி கோட்டையைச் சூழ்ந்துகொண்டது. வாள் சண்டையைவிடப் பசிதான் அங்கே பெரிய ஆயுதம். உணவு போகும் வழிகளையெல்லாம் அடைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஏறக்குறைய இரண்டு வருடம். 1580-ல் கோட்டை விழுந்தபோது ஊரும் நாசமாகியிருந்தது.

ஊரை மறுபடி எழுப்ப ஹிதேயோஷி வரிச்சலுகை கொடுத்தார். வீடு கட்டத் தச்சர்கள் வந்தார்கள். தச்சர்களுக்கு உளியும் ரம்பமும் வேண்டுமே! பின்னாலேயே கொல்லர்கள் வந்தார்கள். வீடுகள் எழுந்த பிறகும் பட்டறைகள் மூடப்படவில்லை. மிக்கி கருவிகள் வெளியூர்ச் சந்தைகளுக்குப் போக ஆரம்பித்தன.

மூன்றே பாகங்கள்

ஹிகோனோகாமி பிறந்தது 1890-களில். சாமுராய்கள் பொது இடத்தில் வாள் தரிப்பதை அரசு 1876-ல் தடை செய்து இருபது வருடம் போலாகியிருந்த காலம். ‘ஹிகோனோகாமி’ என்றால் ‘ஹிகோ நாட்டுப் பிரபு’ என்று பொருள். தெற்கே, கியூஷு தீவில் இருக்கும் இன்றைய குமாமோதோ பகுதிதான் அந்தக் காலத்து ஹிகோ. இந்தக் கத்திகள் கியூஷு பக்கம் அதிகம் விற்றதால் இப்படிப் பெயர் வைத்தார்கள் என்று சொல்கிறார்கள். காரணம் எதுவானாலும், வாள் இடுப்பை விட்டு இறங்கிய நாட்டில், பிரபுவின் பட்டம் பொறித்த கத்தி ஒன்று பள்ளிக்கூடப் பையனின் சட்டைப்பைக்குள் போய் உட்கார்ந்தது!

கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்தால், ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். மடித்த தகட்டில் ஒரு கைப்பிடி, ஓர் அலகு, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஓர் ஆணி. அவ்வளவுதான். கைப்பிடி பித்தளையாகவோ, கறுப்பேற்றிய இரும்பாகவோ இருக்கும். அதன் மேல் பட்டறையின் பெயர் ஜப்பானிய எழுத்துகளில் பதிந்திருக்கும்.

அலகின் அடிப்பக்கத்தில் வால்போல ஒரு சின்ன நீட்டல் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் ‘சிக்கிரி’. கட்டைவிரலால் அதை அழுத்தினால் அலகு வெளியே வரும். முழுதாக விரிந்ததும் சிக்கிரி கைப்பிடியின் முதுகில் படிந்துகொள்ளும். வெட்டி முடிக்கும்வரை கட்டைவிரலை அதன் மேலிருந்து எடுக்கக் கூடாது. ஏனென்றால், இந்தக் கத்தியில் பூட்டு கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. கட்டைவிரல்தான் பூட்டு. கவனம் தப்பினால் அலகு மடங்கி விரலைப் பதம் பார்த்துவிடும்.

இன்றைய மடக்குக் கத்திகளில் பாதுகாப்பைக் கத்திக்குள்ளேயே வைத்து அனுப்புகிறார்கள். ஹிகோனோகாமி அந்தப் பொறுப்பைப் பிடிக்கிறவர் கையில் ஒப்படைத்துவிடுகிறது.

எளிமையான கத்திதான், ஆனால் அலகு சாதாரணமானது இல்லை. உயர்தர ஹிகோனோகாமியில் மூன்று அடுக்கு உண்டு. நடுவில் கடினமான எஃகு, இரண்டு பக்கமும் மென்மையான இரும்பு. நடு எஃகு கூர்மையைத் தாங்கும். பக்கத்து இரும்பு, அது உடையாமல் காப்பாற்றும். சாணை பிடிப்பதையும் சுலபமாக்கும். அந்த எஃகுக்கு ‘நீலக் காகித எஃகு’ என்று பெயர். எஃகு நீலமாக இருக்காது, அதில் ஒட்டி வரும் காகிதத்தின் நிறம்தான் நீலம்.

உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்து வடிவம் கொடுத்து, தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்துப் பதம் ஏற்றி, பிறகு சாணை பிடிக்கிறார்கள். பதம் கூடினால் அலகு சில்லுச் சில்லாக உடையும். குறைந்தால் மழுங்கும். நெருப்பின் நிறத்தைப் பார்த்து அந்த நொடியைப் பிடிக்கிற வித்தை, வருஷக்கணக்காக உலை முன்னால் நின்றவர்களுக்குத்தான் வரும். கடைசியில் அடிக்கிற ஆணியிலும் சூட்சுமம் இருக்கிறது. இறுகிவிட்டால் கத்தி திறக்காது, தளர்ந்துவிட்டால் ஆடும்.

காணாமல் போன கத்தி

மூன்று தலைமுறை ஜப்பானியச் சிறுவர்கள் இந்தக் கத்தியோடு வளர்ந்தார்கள். பென்சில் சீவினார்கள். மூங்கிலில் தும்பி செய்து பறக்கவிட்டார்கள். தண்ணீர்த் துப்பாக்கி செய்தார்கள். மழுங்கினால் கல்லில் தீட்டிக்கொண்டார்கள். மிக்கியில் பட்டறைக்குப் பட்டறை இதே கத்திதான்.

1960 அக்டோபர் 12. டோக்கியோவின் ஹிபியா அரங்கில், சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசனுமா இனேஜிரோ மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது, 17 வயதுப் பையன் ஒருவன் பாய்ந்து அவரைக் குத்திக் கொன்றான். அந்தக் காட்சி தொலைக்காட்சியிலும் வந்தது. நாடே உறைந்துபோனது. அவன் கையில் இருந்தது குறுவாள். பேனாக்கத்தி இல்லை. ஆனால், பயந்துபோன பெற்றோருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. ‘பிள்ளைகள் கையில் கத்தி வேண்டாம்’ என்ற இயக்கம் நாடு முழுக்கப் பரவியது. பள்ளிகள் கத்தியை விலக்கின. பென்சில் சீவும் இயந்திரம் வீட்டுக்கு வீடு வந்தது. வாங்க ஆள் இல்லாமல் மிக்கியின் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இப்போது மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்றுதான். நாகாவோ கனேகோமா என்ற குடும்பப் பட்டறை. ஹிகோனோகாமி என்பது பதிவு செய்யப்பட்ட வணிகப்பெயர். அந்தக் காலத்துச் சங்கத்தில் இருந்த பட்டறைகளுக்கு மட்டுமே அதைப் பொறிக்கும் உரிமை உண்டு. இதே வடிவத்தில் வேறு யார் வேண்டுமானாலும் கத்தி செய்யலாம், செய்கிறார்கள். ஆனால், அந்தப் பெயரைப் பொறிக்கிற கைகள் இந்த ஒரு கூரையின் கீழ்தான் இருக்கின்றன. உலகெங்கும் இருக்கும் கத்திப் பிரியர்கள் தேடித் தேடி வாங்குவதால் அந்த உலை இன்னும் அணையவில்லை.

ஆனால், கண்ணாடி அலமாரியில் வைப்பதற்கென்றா இந்தக் கத்தி பிறந்தது?

ஒரு பள்ளிக்கூடத்தின் பதில்

இந்தக் கேள்விக்கான பதில் மிக்கியிலிருந்து வெகு தூரத்தில், நாகானோ மாநிலத்து மலைகளுக்கு நடுவே, இக்கேதா என்ற சிற்றூரில் இருக்கிறது. அங்குள்ள ஐசோமே தொடக்கப்பள்ளியில், 1983 முதல் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு ஹிகோனோகாமி கொடுக்கிறார்கள். பென்சிலை அதில்தான் சீவ வேண்டும்.

ஆறு வயதுக் குழந்தை கையில் கத்தியா என்று எந்த அம்மாவுக்கும் பதறும். பதறத்தான் செய்யும். கத்தியால் என்ன ஆகும் என்று தெரிந்து பிடிக்கிற கை வேறு, தெரியாமல் பிடிக்கிற கை வேறு என்பதுதான் அந்தப் பள்ளியின் நம்பிக்கை. எந்த விரல் எங்கே இருக்க வேண்டும், பக்கத்தில் யாராவது இருந்தால் என்ன செய்ய வேண்டும், எப்படி மடிக்க வேண்டும் என்று பெரியவர்கள் அருகிருந்து சொல்லித் தருகிறார்கள். நாடு முழுக்கக் கத்தியை வாங்கி வைத்துக்கொண்ட இடத்தில், ஒரு சின்னப் பள்ளி அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

போகிறவர்களுக்கு...

மிக்கி உவெனோமாரு நிலையத்துக்கு அருகே, பழைய கோட்டை இருந்த மேட்டை ஒட்டி நகராட்சியின் உலோகக் கருவி அருங்காட்சியகம் இருக்கிறது. 1976-ல் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே கொல்லர்கள் கும்பிடும் கோயிலும் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறன்று பழைய முறைப்படி இரும்பு அடித்துக் காட்டுவது இங்கே வழக்கம். நவம்பரில் ஊரே கூடும் இரும்புக் கருவித் திருவிழா நடக்கும். நெடுஞ்சாலையோர ஓய்வு மையத்தின் மாடியில், மிக்கி கருவிகளைப் பார்த்து வாங்க ஒரு பெரிய கூடமே இருக்கிறது.

கத்தி வாங்கினால் சில விஷயங்களை மறக்க வேண்டாம். ஜப்பானில் 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகுள்ள கத்தியைத் தகுந்த காரணம் இல்லாமல் கூடவே வைத்துக்கொண்டு திரிவது குற்றம். சின்னக் கத்தியானாலும் ஒளித்து வைத்துக்கொண்டு திரிந்தால் சிக்கல்தான். கடையில் கட்டிக் கொடுத்தபடியே அறைக்குக் கொண்டுபோய், விமானத்தில் செக்-இன் பெட்டியில் வைத்துவிடுங்கள். இது துருப்பிடிக்கும் எஃகு. பழம் நறுக்கியதும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்க வேண்டும்.

பிறகு, வீட்டில் இருக்கும் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, முதல் பென்சிலை நீங்களே சீவிக் காட்டுங்கள். சிக்கிரியின் மேல் கட்டைவிரல் எங்கே இருக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் சொல்லித் தர வேண்டும்.