60 மீட்டரில் காலை, 41 மீட்டரில் பகல்

சாந்தோம் கடற்கரையோரம் இருக்கும் வானொலி நிலையம் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். 1938 ஜூன் 16-ல் எழும்பூரில் தொடங்கி, 1954-ல் இங்கே குடிவந்த நிலையம். மயிலாப்பூரில் ரேடியோவைத் திருகினால் போதும், மத்திய அலை 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை கணீரென்று பேசும். சிற்றலைப் பக்கம் நாங்கள் போனதெல்லாம் இலங்கை வானொலிக்காக.

சென்னைக்கும் சிற்றலை உண்டு என்பது எனக்குத் தெரியவந்தது வால்பாறையில், அத்திம்பேரின் எஸ்டேட் குவார்ட்டர்ஸில். அவ்வளவு தூரத்துக்குப் பகலில் மத்திய அலை எட்டாது. கூடத்து வால்வு ரேடியோவின் கண்ணாடியில் அத்தை இரண்டு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தாள். சிவப்பு, 60 மீட்டரில் 4920 கிலோஹெர்ட்ஸ்: விடிகாலைக்கும் இரவுக்கும். கறுப்பு, 41 மீட்டர்: பகலுக்கு. "டேய், வெயில் வந்துடுத்து, முள்ளைத் தள்ளு" என்பார் அத்திம்பேர்.

காரணத்தையும் அவர்தான் சொன்னார். வெயில் ஏறினால் வானத்தில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு தடித்து, 60 மீட்டர் அலையை விழுங்கிவிடும். 41 மீட்டர் அதைத் துளைத்து, மேலடுக்கில் பட்டுத் திரும்பும். இருட்டியதும் கீழடுக்கு கலைந்துபோகும், மேலடுக்கும் மெலியும். அப்போது 41 மீட்டர் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். 60 மீட்டர் திரும்பி வந்து வால்பாறையில் இறங்கும். இதற்காக நிலையத்தார் தினமும் சூரியனைப் பார்த்து அலைவரிசை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வாசலில் இருந்த எங்களுக்கு அந்தச் சிரமம் தெரியவே தெரியாது. மலைமேல் இருந்தவர்களுக்காகப் பட்ட சிரமம் அது. அதை நினைத்தால் அந்தக் கட்டடத்தின் மேல் இன்றும் எனக்கு மரியாதை கூடுகிறது.

இன்று செல்போன் செயலியில் சென்னை வானொலி வால்பாறையிலும் துபாயிலும் ஒரே சீராகக் கேட்கிறது. கேட்பவர்களுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பொழுது சாயும் நேரத்தில் இரண்டு பொட்டிலுமே சரியாகப் பிடிக்காத ஒரு வேளை இருந்தது. இரைச்சல் அலையலையாக ஏறி இறங்கும், பாட்டு நடுவில் அறுந்து போகும். அத்தை அரிவாள்மணையில் கத்திரிக்காய் நறுக்கியபடியே விட்டுப்போன அடியைத் தானே பாடி நிரப்புவாள். ரேடியோ மறுபடி வந்து சேரும்போது பல நாள் அவள் ஓரடி முன்னால் போயிருப்பாள். சென்னை வானொலி என்றால் என் காதில் அவள் குரலும் சேர்ந்துதான் கேட்கிறது.